பெஞ்சில் ஓர் ஆண்டு

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டனுக்குக் கிழக்கே பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவாட்டர்பேக். இந்த ஆண்டு பயிற்சியாளர் அவனைவிட ஒரு வயது இளைய பையனுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டார். மூன்று வாரமாக மகன் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள் என்கிறான். நான் ஜேலன் ஹர்ட்ஸ் கதையைச் சொன்னேன். எங்களுக்கு அருகிலிருக்கும் சேனல்வியூ பள்ளியில் படித்தவர்தானே. கல்லூரியில் இடம் பறிபோன பிறகும் காத்திருந்தார், பின்னாளில் தொழில்முறை அணிகளின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றார், பொறுத்தார் பூமி ஆள்வார் என்றேன். “அவர் காத்திருக்கவில்லை அப்பா, கல்லூரியையே மாற்றிக்கொண்டு போனார்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான். நீங்கள் இந்த ஆட்டத்தைப் பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன். நான் சொன்னது தவறா?

ச., டெக்ஸாஸ்

அன்புள்ள ச.,

உங்கள் மகன் சொன்னதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கு உங்களுக்கு. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்குச் சிறு விளக்கம். பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கைவேலை. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் நடுவில் குனிந்திருப்பவர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் அனுப்புவார். அதை வாங்குபவர் குவாட்டர்பேக். எறிவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று முடிவு செய்ய அவருக்கு ஏறக்குறைய மூன்று விநாடி கிடைக்கும். அதற்குள் எதிரணித் தடியர்கள் மேலே வந்து விழுவார்கள். மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம். இந்த இடத்துக்கு மட்டும் பொதுவாக ஒரே ஆள். இரண்டாமவர் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். உங்கள் மகன் சாப்பிடாததில் வியப்பில்லை.

ஹர்ட்ஸ் 2016-ல் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பருவம் தொடங்கும்போது வயது பதினெட்டு. முதல் பருவத்திலேயே இடத்தைப் பிடித்து அணியைக் கல்லூரிகளின் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அங்கே கிளெம்சனுக்கு எதிராக, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் சொச்சம் இருக்கும்போது தானே முப்பது கஜம் ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஒரு விநாடி மிச்சமிருக்கையில் கிளெம்சன் டச் டவுன் போட்டு, அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து, 35-31 என்று வென்றது. அடுத்த ஆண்டும் இறுதிப்போட்டி. 2018 ஜனவரி 8, அட்லாண்டா, எதிரே ஜார்ஜியா. முதல் பாதியில் ஹர்ட்ஸ் எட்டு முறை எறிந்ததில் மூன்றுதான் போய்ச் சேர்ந்தன. மொத்தம் 21 கஜம். 13-0 என்று பின்தங்கியிருந்தார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்காரவைத்து, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் டுவா எறிந்த 41 கஜப் பந்தை டவோன்டா ஸ்மித் என்ற இன்னொரு முதலாண்டு மாணவர் பிடிக்க, அலபாமா 26-23 என்று கோப்பையை வென்றது. ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து துள்ளினார். அந்த ஆட்டத்தையும் சேர்த்து, தொடக்க ஆளாக இறங்கிய 28 ஆட்டங்களில் 26-ஐ வென்றிருந்தவர் அவர்.

இதற்குப் பிறகு வருவதைத்தான் எல்லோரும் பொறுமை என்கிறார்கள். பொறுமை என்ற சொல் பயிற்சியாளர்களுக்கும் அப்பாக்களுக்கும் மிகவும் வசதியானது. ஆனால் அன்றைய விதியைப் பாருங்கள். பட்டம் வாங்காமல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர் பொதுவாக ஓர் ஆண்டு ஆடக்கூடாது. ஹர்ட்ஸ் அந்த ஜனவரியிலேயே கோபித்துக்கொண்டு கிளம்பியிருந்தாலும் 2018 முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பட்டம் வாங்கியவருக்கு அந்தத் தடை இல்லை. போன இடத்தில் உடனே ஆடலாம். அவரோ மூன்றே ஆண்டில், 2018 டிசம்பரில், படிப்பை முடிக்கும் நிலையில் இருந்தார். ஆகவே அது முடிவு தெரியாத காத்திருப்பு அல்ல. நாள் குறிக்கப்பட்ட காத்திருப்பு.

வாய்மூடியும் இருக்கவில்லை. 2018 ஆகஸ்டில் பத்திரிகையாளர்கள் முன்னால், பயிற்சியாளர்கள் யாரும் தன்னிடம் வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்று வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். இருபது வயதை எட்டப்போகும் பையன், சேபன் போன்ற ஒருவரின் அணியில் இருந்துகொண்டே. பொறுமைக் கதை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் கவனமாகக் கிழித்துவிடுவார்கள்.

அதே செப்டம்பரில் கிளெம்சனின் கெல்லி பிரையன்ட் தன் இடம் ட்ரெவர் லாரன்ஸுக்குப் போனதும் நான்கு ஆட்டங்களோடு வெளியேறினார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாவிட்டால், கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளின் கணக்கில் அந்த ஆண்டு சேராது என்ற புதிய விதி அப்போதுதான் வந்திருந்தது. ஹர்ட்ஸும் அப்படியே செய்வார் என்று பேச்சு அடிபட்டது. அவரோ டுவாவுக்கு மாற்று ஆளாக ஐந்தாவது ஆட்டத்திலும் இறங்கினார். பிரையன்ட் செய்ததைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். அவரவர் கணக்கு அவரவருக்கு.

2018 டிசம்பர் 1 அன்று நான் அட்லாண்டாவுக்கு அருகே என் அண்ணன் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஜார்ஜியாவில் படித்தவர். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தென்கிழக்குப் பிரிவின் இறுதிப்போட்டி. அதே அரங்கம், அதே இரண்டு அணிகள். கடைசிக் கால்பகுதியில் ஜார்ஜியா 28-21 என்று முன்னிலையில் இருக்கும்போது டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியே போனார். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, “இனி பயமில்லை மாமா” என்றார். ஹர்ட்ஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெரி ஜூடிக்கு ஒரு பாஸ், 28-28. கடைசியில் தானே பதினைந்து கஜம் ஓடி 35-28. மாப்பிள்ளை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனார். அன்று குப்பை வண்டி வரும் நாள்கூட இல்லை. நான் மெதுவாகத் தொலைக்காட்சியை மறுபடி போட்டேன். பேட்டியில் சேபனுக்குத் தொண்டை அடைத்தது.

அந்த இரண்டு டச் டவுன்களுக்கும் நடுவே ஜார்ஜியா ஒரு தந்திரம் செய்து கெட்டது. பந்தை உதைப்பதுபோலப் பாவனை காட்டி, தங்கள் இரண்டாம் குவாட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸிடம் கொடுத்து ஓடச் சொன்னார்கள். அவரைத் தடுத்துவிட்டார்கள். சில வாரங்களில் ஃபீல்ட்ஸ் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறி, சிறப்பு விலக்கு வாங்கி உடனே ஆடினார். ஒரே மாலை, இரண்டு பெஞ்சுகள், இரண்டு பையன்கள். இருவரும் கிளம்பினார்கள், இருவருமே நன்றாக ஆடினார்கள்.

பட்டம் கையில் வந்ததும் ஹர்ட்ஸ் ஓக்லஹாமாவுக்குப் போனார். 2019 பருவத்தில் எறிந்து 3,851 கஜம், ஓடி 1,298 கஜம். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பைக்கான வாக்கெடுப்பில் இரண்டாமிடம். முதலிடம் ஜோ பர்ரோவுக்கு. அவரும் ஒஹையோ ஸ்டேட்டில் பெஞ்சில் இருந்து, பட்டத்தோடு லூசியானாவுக்கு மாறியவர்தான்.

இன்று விதி தளர்ந்துவிட்டது. 2021 முதல் ஒரு முறை மாறினால் தண்டனை இல்லை, 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். விளம்பரப் பணமும் சட்டப்படியே வருகிறது. இன்றைய ஹர்ட்ஸ் அந்த ஜனவரியிலேயே கிளம்பியிருக்கக் கூடும். அவரைக் குறை சொல்லவும் மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை குப்பைத் தொட்டி தள்ளிய அந்த மாலை நமக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் வீட்டு விஷயம் வேறு. டெக்ஸாஸ் பள்ளிகளில் விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாக முடிவானால் ஓராண்டு முதன்மை அணியில் ஆட முடியாது. பதினொன்றாம் வகுப்பில் ஓராண்டு என்பது ஏறக்குறைய எல்லாமும். முதலில் மகனோடு உட்கார்ந்து அந்த விதியைப் படியுங்கள். பிறகு அவன் பயிற்சியாளரிடம் நேரில் போய், தனக்கு என்ன குறை என்று கேட்கட்டும்; நீங்கள் போகவேண்டாம். ஹர்ட்ஸின் தந்தை சேனல்வியூவில் அவருக்கே பயிற்சியாளராக இருந்தவர். நீங்கள் அப்பா மட்டும்தான், அதுவே போதும்.

அவன் கதவைத் திறந்தால் இதைப் போட்டுக் காட்டுங்கள். 2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ், சூப்பர் பவுல், மூன்றாம் கால்பகுதி. ஹர்ட்ஸ் 46 கஜத்துக்கு ஒரு பந்தை எறிகிறார். ஓடிப்போய்ப் பிடிப்பவர் டவோன்டா ஸ்மித். அட்லாண்டாவில் அன்றிரவு, ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்றபோது டுவாவின் பந்தைப் பிடித்தவர். யாரென்று நீங்கள் சொல்லவேண்டாம், அவனுக்குத் தெரிந்திருக்கும்.