மேடு ஏறினால் மட்டும் மிஸ் அடிக்கும் வண்டி: கேள்வி பதில்

மலை ஏறும் பழைய வண்டிகளைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: நிற்கும்போது நன்றாக ஓடுகிறது, லோடு ஏற்றி மேடு ஏறினால் மிஸ் அடிக்கிறது, அதாவது எஞ்சின் சீராக எரியாமல் விட்டு விட்டு ஓடுகிறது. சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் உதாரணமெல்லாம் ஏற்காடு மலைப்பாதையும் தொப்பூரும்தான்.

கேள்வி: அண்ணா, பழைய டாடா 407 வெச்சிருக்கேன். அடிவாரம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சிமெண்ட் ஏத்திட்டு ஏற்காடு ஏறும்போது ஏழாவது கொண்டை ஊசி வளைவு தாண்டினதும் விட்டு விட்டு இழுக்குது, அப்புறம் இழுவையே போயிடுது. பத்து நிமிஷம் நிறுத்தி எடுத்தா மறுபடி ஏறுது. டீசல் ஃபில்டர் புதுசு. பம்ப்பைக் கழட்டி கலிபரேஷனுக்கு அனுப்பணும்னு மெக்கானிக் சொல்றாருங்க. அனுப்பட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தப் பத்து நிமிஷம்தான் இதில் முக்கியமான துப்பு. மெக்கானிக் சொல்லும் பம்ப், டீசலை அழுத்தி சிலிண்டர்களுக்கு அனுப்பும் பெரிய பம்ப். தேய்ந்த பம்ப் பத்து நிமிஷ ஓய்வில் சரியாகிவிடாது. சூடானால் இழுவை குறையும் பம்ப்பும் உண்டுதான், ஆனால் அப்படிப்பட்ட பம்ப் சூட்டில் ஸ்டார்ட் ஆவதற்கும் முரண்டு பிடிக்கும், அதை நீங்கள் சொல்லவில்லை.

ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, எஞ்சின் குடிக்கும் டீசல் சொட்டு அளவுதான். நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விட்டாலும் லோடு இல்லாததால் பெரிதாகக் கூடாது. முப்பது நாற்பது மூட்டையோடு இரண்டாவது கியரில் வளைவு ஏறும்போதுதான் பல மடங்கு கேட்கும், பாதி அடைத்த குழாய் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் பட்டறை வாசலில் நிறுத்தி "நல்லாத்தானே இருக்கு" என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை இழுவை போகும்போது ஓரமாக நிறுத்திவிட்டு முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பழைய மூடி தொலைந்துபோய், வாயில் பாலிதீன் பையைச் சுற்றி ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிய வண்டிகள் எங்கள் சேலம் லீபஜார் பக்கம் எத்தனையோ நிற்கின்றன, அதற்கும் இதே கதைதான். டீசல் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரவேண்டும்.

மூடி சரியாக இருந்தால், டேங்குக்குள் போகும் உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் வலையைப் பாருங்கள். துருவும் சேறும் இழுப்பில் வந்து வலையில் ஒட்டும், எஞ்சினை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் உதிர்ந்து கீழே போகும். நீங்கள் சொல்லும் பத்து நிமிஷம் எனக்கு இதைத்தான் ஞாபகப்படுத்துகிறது. அதற்கு அடுத்தது ஃபீட் பம்ப், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சிப் பெரிய பம்ப்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப். அதன் வாயிலும் ஒரு சின்ன வலை உண்டு. ஃபில்டர் மாற்றுகிற பல பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றாமல் ஒரே அடியில் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் பிடித்து, சைலன்சர் சூடு படாத இடத்தில் ஆடாமல் கட்டி, அதிலிருந்து புது ஹோஸ் வழியாக நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள், மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனையும் அதே கேனில் விடுங்கள். அதே லோடு, அதே வளைவு. மிஸ் இல்லாமல் ஏறிவிட்டால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில்தான், பெரிய பம்ப்பைத் தொடவே வேண்டாம். அப்போதும் மிஸ் அடித்தால் ஃபீட் பம்ப் வால்வு, பெரிய பம்ப்பில் இருக்கும் ஓவர்ஃப்ளோ வால்வு ஸ்பிரிங், இவற்றைப் பாருங்கள். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் பம்ப்புக்குள் டீசல் அழுத்தம் நிற்காமல் ரிட்டர்னில் ஓடிவிடும். இத்தனையும் சரியாக இருந்தால் பம்ப்பை கலிபரேஷன் பெஞ்சுக்கு அனுப்புங்கள், நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: ஏர் எடுக்குதுன்னு சொல்றாங்க, ஆனா எங்கேயும் டீசல் ஒழுகலையே?

பதில்: ஒழுகாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் செப்பு வாஷர், வெடித்த ரப்பர் ஹோஸ், பேன்ஜோ போல்ட் (குழாயை இணைக்கும் ஓட்டை போட்ட போல்ட்) என்று டேங்க் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். பழைய செப்பு வாஷரைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றாதீர்கள், டீ குடிக்கிற காசுக்குப் புதுசு கிடைக்கும்.

கேள்வி: சார், ஆறு சிலிண்டர் லேலண்ட், மைக்கோ பம்ப். வெள்ளைக்கல் லோடோட தொப்பூர் மேடு ஏறும்போது டக் டக்னு ஒரே தாளத்துல அடிக்குது, வெள்ளைப் புகையும் வருது. இழுவை கொஞ்சம்தான் குறையுது, முழுசா போகலை.

பதில்: இது 407காரர் சொன்னதிலிருந்து வேறு ஜாதி. எல்லா சிலிண்டரும் பட்டினி கிடந்தால் இழுவை மொத்தமாகத் தொய்யும். ஒரே சிலிண்டர் படுத்தால்தான் இப்படித் தாளம் தப்பாமல் அடிக்கும். முதலில் எந்தச் சிலிண்டர் என்று பிடியுங்கள். எஞ்சினை ஆயிரம் ஆர்பிஎம் பக்கம் வைத்துக்கொண்டு இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுவது) பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, டீசல் கசிந்ததும் சத்தத்தைக் கவனித்துவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் குற்றவாளி. துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணாடி போடுங்கள், பீறிடும் டீசலுக்கு நேரே கையைக் கொண்டுபோகாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் நேராக ஆஸ்பத்திரிதான், பஞ்சு வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடரும் சமாச்சாரம் இல்லை.

ஐட்லிங்கில் ஆறும் ஒரே மாதிரி தெரிந்தால், மேடு ஏறி முடித்த கையோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு போர்ட்டிலும் லேசர் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். மற்றதைவிடத் தெளிவாகச் சூடு குறைந்த போர்ட்தான் நீங்கள் தேடுவது.

சிலிண்டர் தெரிந்ததும் அதன் இன்ஜெக்டரையும் பக்கத்துச் சிலிண்டர் இன்ஜெக்டரையும் இடம் மாற்றுங்கள், புது வாஷர் போட்டு. மிஸ் கூடவே போனால் நாசில், அதாவது இன்ஜெக்டரின் நுனி. போகாமல் அதே இடத்தில் நின்றால் பெரிய பம்ப்பில் அந்தச் சிலிண்டருக்கு டீசலை அழுத்தும் எலிமென்ட், டெலிவரி வால்வு, இல்லையென்றால் கம்ப்ரஷன். கம்ப்ரஷனுக்குப் போகும் முன் டாப்பெட் கேப், அதாவது வால்வு இடைவெளி பாருங்கள், வால்வு முழுதாக மூடாமல் நின்றாலும் இதே கூத்துதான். புகையை முகர்ந்தும் பாருங்கள்: கண் எரிகிற டீசல் வாடை என்றால் எரியாத டீசல். வாடை தித்திப்பாக இருந்து, ரேடியேட்டரில் தண்ணியும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் திரும்புங்கள், அதோடு லோடு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: என்னுது பிஎஸ்4 காமன் ரயில் வண்டி. நானும் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கலாமா அண்ணா?

பதில்: தொடவே கூடாது. அதில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள், எந்த சிலிண்டர் என்பதை அதுவே சொல்லும்.

கேள்வி: கீழே புகையே இல்லை. வண்டி மேலே ஏற ஏற கருப்பா கக்குது, இழுவையும் கம்மி. நாசில் மாத்தணுமா? டர்போ இல்லாத வண்டிங்க.

பதில்: பாதிக் காரணம் மலை. சேலம் ஊர் முந்நூறு மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். மேலே போகும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு அதை ஈடுகட்ட வழியில்லை, பழைய பம்ப்போ அதே அளவு டீசலைத்தான் தள்ளும். மிச்ச டீசல் கருப்பாக வெளியே வருகிறது. ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இதுவே இரண்டு மடங்காகத் தெரியும், அதனால் அதை முதலில் மாற்றுங்கள். ஓட்டுவதையும் கவனியுங்கள். மூன்றாவது கியரில் முக்கிக்கொண்டே மிதித்தால் எந்த எஞ்சினும் குலுங்கும், அதை மிஸ் என்று நினைத்துப் பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. வளைவுக்கு முன்பே இரண்டாவதுக்கு இறக்குங்கள்.

இன்னொன்று: மிதிக்க மிதிக்க எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகரவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்குவது, மிஸ் இல்லை.

கேள்வி: எஸ்டேட்ல பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப். வெயில்ல நல்லா ஏறுது, பனிமூட்டம் இறங்கிட்டா மேட்டுல மூணு சிலிண்டர்லதான் ஓடுது.

பதில்: டீசல் கதையை மறந்துவிடுங்கள், இது பொறி சமாச்சாரம். முழுதாக மிதித்து மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பிளக் நுனியில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். ஒயரிலோ, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ ஈரம் இருந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பாடிக்கு ஓடிவிடும். ராத்திரி பானெட்டைத் திறந்து, விளக்கெல்லாம் அணைத்து, ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், நீலப் பொறி எங்கே ஓடுகிறது என்று கண்ணாலேயே தெரியும். மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் அந்த மூடி போய்விட்டது, துடைத்துப் பயனில்லை. பிளக் கேப் முக்கால் மில்லிமீட்டர், பாயிண்ட் கேப் அரை மில்லிமீட்டர் வையுங்கள். இதற்கும் சரியாகவில்லை என்றால் கண்டென்சர், அப்புறம் காயில்.

கேள்வி: டீசல்ல கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தா அடைப்பு கரையுமாமே?

பதில்: துரு கரையாது. பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய் மாதிரி, மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது, எலிமென்ட் தேயும்.

கேள்வி (407காரர்): அண்ணா, டேங்க் வலைதான். முழுசா துரு. சுத்தம் பண்ணிப் போட்டேன், நேத்து மேல வரைக்கும் நிக்காம ஏறிடுச்சு. இனிமேல் வழியில ஏர் லாக் ஆனா நானே ஏர் எடுக்கலாங்களா?

பதில்: சந்தோஷம். டேங்கையும் ஒருதரம் இறக்கிக் கழுவிவிடுங்கள், துரு அங்கிருந்துதான் வருகிறது. ஏர் எடுப்பது, அதாவது லைனில் புகுந்த காற்றை வெளியேற்றுவது, ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபில்டர் மேலே இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் ப்ரைமரை (கையால் அடித்து டீசல் ஏற்றும் சின்ன பம்ப்) அடித்து, டீசல் ஒரே சீராக வரும்போது இறுக்குங்கள், அப்புறம் பெரிய பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூவிலும் அதேபோல் செய்யுங்கள். ஆனால் வளைவிலேயே நிறுத்தாதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு உங்களைத் தெரியாது. நேர் ரோட்டில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், ராத்திரி பைக்கில் இறங்குகிறவன் அதில்தான் ஏற்றுவான்.