கணினி கேள்வி பதில்: முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி "எதை வாங்கலாம்?" என்றுதான் முடிகின்றன. அவற்றில் பாதிக்கு என் பதில், "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம்." விற்பவர்கள் என்னைத் திட்டட்டும், பரவாயில்லை.

கேள்வி: 300 எம்.பி.பி.எஸ் இணைப்பு வைத்திருக்கிறேன். மேசைக் கணினியில் கேபிள் மூலம் சோதித்தால் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. அதே ரவுட்டரின் வைஃபையில் செல்போன் 280 காட்டுகிறது. கணினி பழசு. லேன் கார்டு போய்விட்டதா, மதர்போர்டையே மாற்ற வேண்டுமா?

பதில்: 94 என்று எண்ணைக் குறித்து அனுப்பினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். 60 என்றோ 150 என்றோ எழுதியிருந்தால் நானும் தலையைச் சொறிந்திருப்பேன். கேபிள் இணைப்பு 93, 94-லேயே அசையாமல் நின்றால், கணினியும் ரவுட்டரும் தங்களுக்குள் 100 மெகாபிட் வேகத்துக்குத்தான் ஒப்புக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மீதி ஐந்தாறு மெகாபிட், ஒவ்வொரு டேட்டா பொட்டலத்தோடும் போகும் முகவரி விவரங்களுக்குச் செலவாகிறது.

லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் உண்டு. இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒன்று விட்டுப்போனால்கூட இணைப்பு அறுந்து போவதில்லை. பெரும்பாலான கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் வருகிறது, எல்லாம் திறக்கிறது, அதனால் யாரும் கேபிளைச் சந்தேகப்படுவதே இல்லை. மாதக்கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டுவார்கள்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட் பக்கம் போங்கள். 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியில் 100/100 என்று இருக்கும், பந்தயம். இப்போது வேறொரு சின்னக் கேபிளைப் போட்டுப் பாருங்கள். 1000/1000 என்று மாறினால் கதை முடிந்தது. மாறாவிட்டால் ரவுட்டரில் வேறு துளைக்கு மாற்றுங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரே ஒரு துளைதான் கிகாபிட், மற்றவை வெறும் 100. பெட்டியின் பின்னால் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படிக்கத்தான் ஆளில்லை. இரண்டிலும் தேறவில்லை என்றால் மட்டும் லேன் கார்டுக்கு வாருங்கள். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டாம், யு.எஸ்.பி-யில் செருகும் கிகாபிட் அடாப்டர் ஒன்று போதும்.

பழைய கேபிளைத் தூக்கிப் போடும் முன் அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல் தெரியும் பிளக்குக்குள் எட்டு வண்ணக் கம்பிகளும் நுனிவரை போய் முட்டி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நின்றால் அதுதான் குற்றவாளி. வெளி உறை பிளக்குக்குள் நுழையாமல் கம்பிகள் வெளியே தெரிந்தாலும் இன்றோ நாளையோ போய்விடும். புதிதாக வாங்கினால் கேட் 5இ என்ற ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும். கேட் 6 கிடைத்தால் அதுவும் சரி. கேட் 8 என்று யாராவது நீட்டினால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள்: முழுச் செம்புக் கம்பியா, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சா? கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது பூச்சு வேலை, வேண்டாம்.

கேள்வி: என் வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு நகர்கிறது. பேட்டரி மாற்றியாச்சு, மவுஸ் பேடும் மாற்றியாச்சு. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுக்கும்போது மட்டும் ரொம்ப மோசம். வைரஸாக இருக்குமோ?

பதில்: வைரஸ் இல்லை அம்மா. கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்தப் பேக்கப் வரியில்தான் விடை இருக்கிறது.

யு.எஸ்.பி 3.0 வேலை செய்யும்போது அதன் கேபிளிலிருந்தும் செருகுமிடத்திலிருந்தும் கொஞ்சம் ரேடியோ இரைச்சல் கசிகிறது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள்ளும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. உங்கள் மவுஸின் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே 2.4-இல்தான். ஹார்ட் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்துத் துளையில் அதைச் செருகியிருப்பீர்கள். மவுஸின் சன்னமான குரல் இரைச்சலில் அமுங்கிவிடுகிறது.

ரிசீவரைக் கணினியின் மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். இடமில்லை என்றால் யு.எஸ்.பி 2.0 நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். சாதாரணக் கேபிள் போதும். பேக்கப் நேரத்தில் வைஃபையும் மந்தமாகிறதா என்று கவனித்தீர்களா? அப்படியானால் கணினியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிவிடுங்கள், அந்த இரைச்சல் தொல்லை பெரிதாக அங்கே எட்டாது. புளூடூத் மவுஸ் வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

கேள்வி: 200 எம்.பி.பி.எஸ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். டவுன்லோடு செய்யும்போது 24-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: சரியாகத்தான் வருகிறது. அவர்கள் சொன்னது மெகாபிட், நீங்கள் பார்ப்பது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 200-ஐ 8-ஆல் வகுத்துவிட்டு, சண்டைக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

கேள்வி: மாடியில் வைஃபை சரியாக எட்டவில்லை. 8 ஆன்டெனா ரவுட்டர் வாங்கலாம் என்கிறான் மகன். வீட்டில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மாடியில் வைத்தேன், இணையமே குழம்பிவிட்டது.

பதில்: ஆன்டெனாவை எண்ணி ரவுட்டர் வாங்கக் கூடாது. ரவுட்டர் ஒலிபெருக்கியில் பேசினாலும், மறுமுனையில் இருக்கும் செல்போன் வெறும் வாயால்தான் பதில் கத்த வேண்டும். போனின் குரல் கீழே கேட்கவில்லை என்றால் 8 ஆன்டெனா என்ன, 80 இருந்தும் பயனில்லை.

ரவுட்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குப் பக்கத்திலோ தரையிலோ இருந்தால், மாடிப்படி பக்கமாக உயரத்தில் வைத்து ஒரு நாள் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவர் தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் கூடியிருக்கும். அதில் சேனலை 1, 6, 11 ஆகிய மூன்றில் காலியாக இருப்பதில் வையுங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் உங்களுக்கே.

இனி அந்தப் பழைய ரவுட்டர். அது தூக்கிப் போடும் பொருளல்ல. குழப்பத்துக்குக் காரணம், இரண்டு ரவுட்டர்களும் "நானே வீட்டுக்குப் பெரியவன்" என்று வருபவர்களுக்கெல்லாம் முகவரி வழங்கிக்கொண்டிருப்பதுதான். பழையதன் மெனுவில் 'அக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்யலாம். கீழே உள்ளது 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுங்கள். முகவரி வழங்கும் அதன் வேலையை, அதாவது டி.எச்.சி.பி-யை நிறுத்துங்கள். கீழிருந்து வரும் கேபிளை அதன் 'வேன்' (WAN) துளையில் செருகாமல் 'லேன்' (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்தக் கடைசி விஷயத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும்.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால்தான் மெஷ், அதாவது தங்களுக்குள் வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்ளும் வைஃபை பெட்டிகளின் தொகுப்பு. மலிவான ரிப்பீட்டர் பக்கம் போகாதீர்கள். ஒரே ரேடியோவில் கேட்பதும் திருப்பிச் சொல்வதும் நடப்பதால் வேகம் பாதியாகிவிடும்.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் ஆடும்போது கணினி பட்டென்று அணைந்து மறுபடி எழுகிறது. பவர் சப்ளையில் '80 பிளஸ்' என்று போட்டிருக்கிறதே, அது நல்லதுதானே?

பதில்: தம்பி, அந்த முத்திரை உள்ளே வரும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதைப் பற்றியது. திடீர்ச் சுமையைத் தாங்குமா என்பதற்கு அது சான்று இல்லை. எப்போது அணைகிறது என்று கவனியுங்கள். ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, ஃபேன் அலறிய பிறகு என்றால் சூடு. தூசி தட்டி, ஃபேன்கள் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். காட்சி மாறும் கணத்தில், சூடேறும் முன்பே, பிழை காட்டும் நீலத்திரைகூட வராமல் என்றால் பெரும்பாலும் பவர் சப்ளை. வாங்கும் முன் ஒரு சோதனை: கார்டில் இரண்டு மின் இணைப்புகள் இருந்தால், ஒரே வாலில் தொங்கும் இரட்டைப் பிளக்கை விட்டுவிட்டு, பவர் சப்ளையிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், பவர் சப்ளை பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கணினியைத் திறந்தால் எந்த இணையதளமும் 'பாதுகாப்பற்றது' என்கிறது. தேதியும் பல வருடம் பின்னால் போய்விடுகிறது. திருத்தினால் மறுநாள் பழைய கதை.

பதில்: ஐயா, இரண்டும் ஒரே நோய். மதர்போர்டில் நாணயம்போல ஒரு பேட்டரி இருக்கிறது, சி.ஆர் 2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டது. தளங்களின் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே" என்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். பழையதைப் பேரப்பிள்ளைகள் கையில் படாமல் அப்புறப்படுத்துங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. காசு போட்டால் தேறுமா, புதுசு வாங்கவா?

பதில்: கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் என்றால் தேறும். முதல் செலவு எஸ்.எஸ்.டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்), இரண்டாவது ரேம். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி நொடிக்கு 550 மெகாபைட் வரை போகும் என்பது பெரிய விஷயமல்ல. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி ஹார்ட் டிஸ்க்கின் ஊசி அலைகிறதே, அந்த அலைச்சல் இல்லாமல் போவதுதான் பெரிய விஷயம். ரேம் வாங்கும் முன், அது போர்டிலேயே பற்றவைத்ததா, காலித் துளை இருக்கிறதா, டி.டி.ஆர் 3-ஆ 4-ஆ என்று பாருங்கள். ஒன்று மற்றதன் துளையில் நுழையாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் வங்கி வேலைக்கு அதையே நம்பியிருக்க வேண்டாம். விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போட்டு ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் புதுசு வாங்குங்கள், எஸ்.எஸ்.டி-யை யு.எஸ்.பி உறை ஒன்றுக்குள் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. என்ன வாங்க வேண்டும்?

பதில்: இவ்வளவுதான் கடிதம். லைட் எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? பீப் சத்தம் வந்தால் எத்தனை முறை? மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா, மதர்போர்டிலா? ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தமாகச் செருகிப் பார்த்துவிட்டு, இந்த நான்குக்கும் விடையோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.