மழையில் நனைத்துப் பார்த்து வாங்கும் கடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சியாட்டில் நகரில் வேலை பார்க்கும் என் மகன், எனக்கு மழைக்கோட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி மலையேற்றப் பொருள்களும் ஆடைகளும் விற்கும் ஆர்.இ.ஐ. நிறுவனத்தின் தலைமைக் கடைக்கு அழைத்துப் போனான். துணிமணி விற்கும் இடத்தில் ஆறு மாடி உயரத்துக்கு ஒரு செயற்கைப் பாறையை எழுப்பி வைத்திருக்கிறார்கள். இந்த ஆடம்பரத்தின் செலவும் நாம் கொடுக்கும் விலையில்தானே சேர்கிறது?
– மேற்கு மாம்பலம் வாசகி

பதில்: அம்மா, செலவு விலையில் சேர்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பாறையை ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடை பிறந்த கதையைக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். லாயிட் ஆண்டர்சன் என்ற மலையேறி, பனிமலையில் ஊன்றி ஏற உதவும் கோடரி ஒன்றை உள்ளூரில் 20 டாலருக்கு வாங்கி, அதன் தரத்தைக் கண்டு ஏமாந்துபோனார். அதைவிட நல்ல கோடரி, தபால் செலவையும் சேர்த்து மூன்றரை டாலருக்கு ஆஸ்திரியாவிலிருந்து கிடைக்கிறது என்று அறிந்ததும், அவரும் மனைவி மேரியும் நண்பர்கள் 21 பேரும் சேர்ந்து 1938இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதாவது, வாங்குகிறவர்களே கடைக்கு உரிமையாளர்கள். மலையில் பொருள் கைவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், வாங்கும் முன்பே சோதித்துவிட வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இயல்பாக இருந்தது. 1996இல் இப்போதுள்ள தலைமைக் கடையைத் திறந்தபோது, ஏறிப் பார்க்க 65 அடி உயரப் பாறையோடு, மழைக்கோட்டை அணிந்துகொண்டு செயற்கை மழையில் நின்று பார்க்க ஓர் அறையையும் அமைத்தது அந்தக் கவலையின் தொடர்ச்சிதான்.

இந்தப் பழக்கம் வேறு ஊர்களிலும் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் குளோப்டிராட்டர் நிறுவனம் அமைத்த பெரிய கடையில், படகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கக் குளமும், மழை அறையும், குளிர் அறையும் இருந்தன. குளிர்கால ஆடைகள் தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் தன் கடைகள் சிலவற்றில் வைத்துள்ள குளிர் அறையில் வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரி வரை இறக்குகிறார்கள். சென்னையிலிருந்து போகிறவருக்கு அந்தக் குளிர் எப்படியிருக்கும் என்று வாயால் விளக்கிவிட முடியாது. உள்ளே போய் இரண்டு நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

சியாட்டில் மழையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினால் சென்னையின் மழைதான் அதிகம். ஆனால் சென்னையில் சில வாரங்களில் கொட்டித் தீர்ப்பது, அங்கே இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை தூறலாக நீள்கிறது. ஆகவே அங்கே குடையைவிட, நாள் முழுவதும் உடம்பிலேயே இருந்தும் புழுங்காத மழைக்கோட்டுதான் பயன்படும். உள்ளே அணியப்போகும் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கோட்டை அணிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள். அடிவிளிம்பு இடுப்புக்கு மேலே ஏறினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் அளவு இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற நிறுவனத்தின் தலைமைக் கடையில், நீர் புகாது என்ற உறுதிமொழியை நம்பி விலை உயர்ந்த மழைக்கோட்டு வாங்கினேன். இரண்டாவது குளிர்காலத்திலேயே உள்ளே ஈரம் தட்டுகிறது. ஓர் ஆண்டு கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஏமாற்றப்பட்டேனா?
– கோவை வாசகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் கோட்டு கெட்டுப்போகாமலும் இருக்கலாம். இத்தகைய கோட்டுகளின் உள்ளே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. 1969இல் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்லான் வகைப் பொருளை வெடுக்கென்று இழுத்தபோது அது அறுந்துபோகாமல் நுண்துளைகளோடு விரிந்ததைக் கண்டார். 1976இல் அது கோர்-டெக்ஸ் என்ற பெயரில் ஆடைகளுக்கு வந்தது. அதன் துளை நீர்த்துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது என்பது நிறுவனத்தின் விளக்கம். அதனால் மழை உள்ளே வராது, வியர்வையின் ஆவி வெளியே போய்விடும்.

ஆனால் அந்தப் படலத்துக்கு மேலே உள்ள துணியின் மீது, தாமரை இலையில் போலத் தண்ணீர் உருண்டோடும்படி ஒரு பூச்சு உண்டு. அழுக்கும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் சோப்பின் மிச்சமும் சேரச் சேர அந்தப் பூச்சு மங்குகிறது. அப்போது வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கிறது. ஆவி வெளியேற வழியில்லாமல் நம் வியர்வையே உள்ளே குளிர்ந்து ஈரமாகிறது. பலரும் அதைக் கோட்டு ஒழுகுவதாக எண்ணிவிடுகிறார்கள். குழாயடியில் கோட்டின் தோளில் சிறிது தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளிகள் உருளாமல் துணி கருத்துப் பரவினால், மென்மையான திரவச் சோப்பில் துவைத்து, நன்றாக அலசி, டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிடம் உலர்த்துங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது. அதற்கும் சரியாகவில்லை என்றால் பூச்சைப் புதுப்பிக்கும் தெளிப்பான் விற்கிறது.

மாறாக, உட்புறத் தையலின் மேல் ஒட்டிய பட்டை உரிந்தாலோ, படலம் கொப்புளம் கொப்புளமாகப் பிரிந்தாலோ, எந்தத் துவையலும் அதைச் சரிசெய்யாது. கடையின் திருப்பித் தரும் காலக்கெடு வேறு, தயாரிப்புக் குறைக்கான உத்தரவாதம் வேறு. உங்கள் கோட்டில் கோர்-டெக்ஸ் அடையாள அட்டை இருந்தால் அந்த நிறுவனத்துக்கே நேரடியாக எழுதுங்கள். அவர்கள் தனியாக உத்தரவாதம் தருகிறார்கள்.

இதையெல்லாம் பையை உங்கள் கையில் கொடுக்கும்போதே விற்பனையாளர் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இனிமேல் அது இன்னும் அவசியம். இத்தகைய பூச்சுகளில் சேர்க்கப்பட்டுவந்த, உடலுக்குக் கேடு என்று கருதப்படும் ஃப்ளூரின் சேர்மங்கள் கலந்த ஆடைகளைக் கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் தடைசெய்துள்ளது. கடும் மழைக்கான ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் உண்டு. ஃப்ளூரின் இல்லாத புதிய பூச்சுகள் எண்ணெய்ப் பசையை முன்போல் தடுப்பதில்லை என்பதால், கோட்டை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இங்குள்ள நண்பர்கள் சிலர் பயணத்துக்கு முன் காலணியும் கோட்டும் வாங்கி, பயணம் முடிந்ததும் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். விதி அனுமதிக்கும்போது அது தவறா?
– டாலஸ் வாசகர்

பதில்: தவறுதான். ஆர்.இ.ஐ. ஒரு காலத்தில் எத்தனை ஆண்டு கழித்துக் கொண்டுவந்தாலும் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. வாடகைக் கடை என்று மக்கள் அதற்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அந்தச் சலுகை துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதால், 2013இல் உறுப்பினர்களுக்கு ஓர் ஆண்டு என்று கெடு விதித்தார்கள். நடந்து பார்த்த பிறகே காலணி கடிப்பதை உணர்ந்து திருப்பித் தருகிறவருக்காக வைத்த ஏற்பாடு அது. ஒரே ஒரு பயணத்துக்குத்தான் தேவை என்றால், பல கிளைகளில் கூடாரமும் முதுகுப்பையும் வாடகைக்கே கிடைக்கின்றன. பயன்படுத்திய ஆடைகளையும் குறைந்த விலைக்கு விற்கிறார்கள்.

கேள்வி: அப்படிப்பட்ட ஒரு பெரிய கடையில் நானும் என் கணவரும் வெகுநேரம் நின்றும், எங்கள் வயதையும் புடவையையும் பார்த்து யாரும் அருகில் வரவில்லை. மறுபடி போகவே கூச்சமாக இருக்கிறது.
– திருச்சி வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்து வருந்தினேன். கூச்சப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்லர். விலை உயர்ந்த பாறையும் மழை அறையும் வைத்த கடை, வாசலில் நுழைந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை என்றால் அங்கே அடிப்படையே பிசகியிருக்கிறது. மேலாளரிடம் இதைத் தேதியோடு எழுதித் தெரிவியுங்கள்.

ஆனாலும் மறுபடி போங்கள். கூட்டம் குறைந்த வாரநாளில், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், தடித்த காலுறையோடு போய், "காலணி பார்க்க வேண்டும், பாதத்தை அளந்து சொல்லுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். பல கடைகளில் காலணிப் பகுதியை ஒட்டிக் கல் பதித்த சிறிய சரிவு ஒன்று இருக்கும். அதில் நீங்களும் உங்கள் கணவரும் ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்னே இடித்தால் அரை அளவு பெரியதாகக் கேளுங்கள். குதிகால் தூக்கினால் நாடாவை அவர்களையே அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள். அவசரப்படாமல், இரண்டு மூன்று ஜோடி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.