கேள்வி–பதில்: கயாக்கில் சென்று கடலில் பெருமீன் பிடிக்கலாமா?

கயாக் எனப்படும் சிறு துடுப்புப் படகில் கடலுக்குள் சென்று பெரிய மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பற்றிப் பழனி மலைப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் படகு ஓட்டிப் பழகியவன் நான். நண்பர்கள் சேர்ந்து ஒரு கயாக் வாங்கியிருக்கிறோம். தூத்துக்குடிப் பக்கம் கடலில் இறங்கி வஞ்சிரமும், முடிந்தால் மயில் மீனும் பிடிக்க ஆசை. இருபது, முப்பது கிலோ மீன் இழுத்தால் இவ்வளவு சிறிய படகு கவிழ்ந்துவிடாதா?*
– வாசகர், நாயுடுபுரம்

மீனின் எடையைக் காட்டிலும், அது எந்தப் பக்கமாக இழுக்கிறது என்பதே இங்கு முக்கியம். மீன் படகின் முன்முனைக்கு நேராக ஓடினால், படகு அதன் பின்னாலேயே இழுபட்டுச் செல்லுமேயன்றிக் கவிழாது. இழுத்த இழுப்புக்குப் படகு நகர்ந்து கொடுப்பதால் நரம்பின் (தூண்டில் கயிற்றின்) மீது விழும் பாரம் குறைகிறது. படகையும் ஆளையும் சேர்த்து இழுக்க வேண்டியிருப்பதால் மீனும் களைத்துப்போகிறது. ஹவாய், பனாமா, மெக்சிகோவின் பாஹா கடற்கரை ஆகிய இடங்களில் ஒருவர் தனியாகக் கயாக்கில் அமர்ந்து மயில் மீனையும், அதைப் போலவே கூரிய அலகுள்ள மார்லினையும் பிடிக்க முடிவது இதனால்தான்.

ஆபத்து பக்கவாட்டு இழுப்பில் இருக்கிறது. சூரையும் பெரிய பாரையும் மேற்பரப்பில் ஓடி முடித்தபின் நேர் கீழாக ஆழத்துக்கு இறங்கும். அப்போது தூண்டில் கம்பு விலாப்பக்கமாக வளைந்து தண்ணீரைத் தொட, அதைத் தூக்குவதற்காக நாமும் அதே பக்கம் சாய, படகு புரண்டுவிடும். ஆகவே கம்பின் நுனி எப்போதும் முன்முனையை நோக்கியே இருக்க வேண்டும். மீன் பக்கவாட்டில் திரும்பினால், ஒரு கையால் துடுப்பைப் போட்டுப் படகின் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். படகுக்கு அடியில் மீன் வட்டமிடத் தொடங்கும்போது, இரு கால்களையும் இருபுறமும் தண்ணீரில் தொங்கவிட்டு அமர்ந்தால் ஆட்டம் அடங்கும்.

ரீலின் (நரம்பு சுற்றிய உருளையின்) டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை ஓடவிடும் பிடியின் இறுக்கத்தை, கடலில் வைத்துச் சரிசெய்ய முற்படாதீர்கள். வீட்டிலேயே நரம்பின் நுனியை ஒரு வில் தராசின் கொக்கியில் கட்டி, கம்பை வளைத்துப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நரம்பு ரீலிலிருந்து வழுக்கத் தொடங்கும் நொடியில் தராசின் முள் காட்டும் எடைதான் உங்கள் டிராக். 15 கிலோவில் அறும் நரம்புக்கு 4 முதல் 5 கிலோ வரை வைப்பது பொதுவழக்கம். முதன்முறை கயாக்கில் செல்பவர் 4 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்பேன்.

வஞ்சிரத்தின் பற்கள் நரம்பை ஒரே கடியில் அறுத்துவிடும் என்பதால், தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் நீளத்துக்காவது கம்பி இணைப்பு தேவை. மயில் மீனோ, சொரசொரப்பான தன் அலகால் நரம்பைத் தேய்த்தே அறுக்கும்; அதற்குக் கடைசி ஓரிரு மீட்டர் தடித்த நரம்பு வேண்டும். மயில் மீனைப் படகில் ஏற்ற மட்டும் முயலாதீர்கள். உட்கார்ந்திருக்கும் ஆளின் மார்புக்கு நேராக அந்தக் கூரிய அலகு வரும். மீனோ களைத்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் துள்ளும். அருகில் வந்ததும் முள்ளை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுவதே அறிவுடைமை.

*என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாளில் கயாக்கில் கடலுக்குப் போகிறேன் என்கிறான். நீச்சல் தெரியுமாம். அது போதுமா?*
– வாசகி, பண்ணைக்காடு

போதாது அம்மா. கரை சேர முடியாத தூரத்தில் படகு கவிழும்போது, நீந்துவதைவிட மீண்டும் படகில் ஏறி உட்காரத் தெரிவதுதான் உயிரைக் காக்கும். கவிழ்ந்த கயாக்கின் மறுவிளிம்பை எட்டிப் பிடித்து, உடலின் பாரத்தால் அதை நிமிர்த்தி, கால்களை உதைத்துக் குறுக்காக வயிற்றின் மீது ஏறி, இடுப்பைத் திருப்பி உட்கார வேண்டும். சொல்வதற்கு எளிது, நனைந்த உடையும் உயிர்காப்பு அங்கியும் அணிந்து செய்யும்போது தோள் கடுத்துப்போகும். அலையில்லாத நீரில் தடுமாறாமல் செய்ய வரும்வரை அவர் கடலில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஊருக்கு வரும்போது நம் மலையிலேயே இதைப் பழகலாம். பேரிஜம், மன்னவனூர் ஏரிகள் வனத்துறையின் பொறுப்பில் இருப்பதாலும், கொடைக்கானல் ஏரியில் படகு விடுவதற்குத் தனி விதிகள் இருப்பதாலும், முன்கூட்டியே அனுமதி கேட்பது அவசியம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள நீர் எலும்பை உறைய வைக்கும்; வெயில் ஏறிய பிறகு, கரையில் ஒருவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, சிறிது நேரமே பழக வேண்டும்.

காற்றைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். தென்மேற்குப் பருவத்தில் சென்னைக் கரையில் மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையருகே தண்ணீர் அமைதியாகத் தெரியும். போகும்போது படகு தானாக விரையும். திரும்பும்போதுதான் ஒவ்வொரு துடுப்புப் போடலுக்கும் காற்று எதிர்த்து நிற்கும். அதோடு மீனும் வெளிக்கடல் நோக்கி இழுத்தால், எந்தத் தொலைவில் நரம்பை வெட்டுவது என்பதைக் கரையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை, காற்று முன்னறிவிப்பை அன்றாடம் வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல் கிளம்பினால் அனுப்பாதீர்கள். உயிர்காப்பு அங்கி படகில் கிடக்கக் கூடாது, உடலில் இருக்க வேண்டும். நீர்புகாத உறையில் கைப்பேசியும், நெஞ்சருகே மழுங்கிய முனையுள்ள கத்தியும் வேண்டும். கடலில் ஆபத்தென்றால் அழைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல் படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

*நம் மீனவர்கள் கட்டுமரத்தில் போய்ப் பெரிய மீன்களைப் பிடித்தவர்கள்தானே? கயாக்கில் என்ன புதுமை?*
– வாசகர், தாண்டிக்குடி

கேள்வி நியாயமானது. கட்டுமரத்தில் ஏறும் தண்ணீர் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடும். கடலில் மீன்பிடிக்கும் கயாக்கும் பெரும்பாலும், மேலே அமர்ந்து ஓட்டும் வகையில், வடிகால் துளைகளோடுதான் செய்யப்படுகிறது. வேறுபாடு பிடிக்கும் முறையில் உள்ளது. கட்டுமரத்தில் பெரும்பாலும் ஒருவருக்கு மேல் செல்வார்கள். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் கைத்தூண்டிலை இழுப்பார். மீன் மிஞ்சினால் கயிற்றை ஓடவிடவோ கைவிடவோ முடியும். கயாக்கில் ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்க்க வேண்டும். கம்பும் படகோடு கட்டப்பட்டிருக்கும். அந்தக் கட்டு சட்டென்று கழலும் கொக்கியாக இல்லாவிட்டால், மீனின் இழுப்பு முழுவதும் படகின் விலாவில் விழும். முதல் முறை செல்பவர்கள் இருவராக, இரண்டு கயாக்கில், கூப்பிடு தூரத்துக்குள் செல்வது இதனால்தான் நல்லது.

*மீன்பிடித் தடைக்காலத்தில் கயாக்கில் செல்லலாமா?*
– வாசகர், பூம்பாறை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. இயந்திரமில்லாத பாரம்பரியப் படகுகளுக்கு அது பொருந்தாது. இருந்தாலும், கயாக்கை இறக்கும் முன் அந்த ஊர் மீனவர் பஞ்சாயத்திடமும் கடலோரக் காவல் நிலையத்திடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் தூண்டில் போடக் கூடாது.