ஜாஷ் கிமாண்ட் கேஸ்ல "இவர்தான் பண்ணியிருப்பார்"னு பேர் சொல்லி பேசலாமா?

மினியாபொலிஸ் பக்கத்துல ப்ளைமவுத்ல இருந்து ஒரு சகோதரி நீளமா எழுதியிருக்காங்க. சுருக்கமா சொல்றேன். அவங்களும் ஃப்ரெண்டும் சேர்ந்து தமிழ்ல க்ரைம் பாட்காஸ்ட் நடத்துறாங்க, அடுத்த எபிசோட் ஜாஷ் கிமாண்ட் கேஸ். மின்னசோட்டால காலேஜ்வில்ங்கற இடத்துல, கத்தோலிக்க துறவிகளோட மடமும் சேர்ந்தே இருக்கற செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டில படிச்சிட்டிருந்தப்ப 2002ல காணாம போன பையன்தான் ஜாஷ். தேடித்தேடி படிச்சதுல ஒரு துறவி மேல அவங்களுக்கு பலமான சந்தேகம், ஜாஷோட ஃப்ரெண்ட் ஒருத்தர் மேலயும் கொஞ்சம் சந்தேகம். "அலெஜ்ட்லின்னு, அதாவது 'அப்படின்னு சொல்லப்படுது'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துட்டு, இது எங்க தியரிதான்னு முதல்லயே சொல்லிட்டா சட்டப்படி பிரச்சனை வராதுல்ல? பேசறதே தமிழ்ல, அவங்களுக்கு எப்படி தெரியப் போகுது?"ன்னு கேக்குறாங்க. அவங்க பொண்ணு இந்த வருஷம்தான் காலேஜ் ஹாஸ்டலுக்கு போறா, அந்த பயத்துலதான் இந்த கேஸையே படிக்க ஆரம்பிச்சேன்னும் எழுதியிருக்காங்க.

சகோதரி, உங்க அக்கறை எனக்கு நல்லா புரியுது. செயின்ட் க்ளவுட் கோர்ட்டுக்கு கேஸ் விஷயமா போகும்போதெல்லாம் 94 ஹைவேல காலேஜ்வில் எக்ஸிட்டை தாண்டித்தான் வருவேன், ஒரு தடவை உள்ள போய் பார்த்தேன். ஏரி, பைன் மரம், அந்த பெரிய கான்க்ரீட் மணிக்கூண்டு, அவ்வளவு அமைதியான இடம். 2002 நவம்பர் 9 ராத்திரி பன்னெண்டு மணிக்கு கொஞ்சம் முன்னாடி, 20 வயசு பையன், மெட்டன் கோர்ட் அப்பார்ட்மென்ட்ல ஃப்ரெண்ட்ஸோட சீட்டு விளையாடிட்டு எழுந்து போறான். அவன் ரூம் இருந்த செயின்ட் மார் ஹவுஸ் சில நிமிஷ நடைதான். வழியில ஏரியை ஒட்டி ஒரு சின்ன பாலம். கார் நிறுத்தின இடத்துலயே இருக்கு, கண்ணாடி ரூம்லயே இருக்கு, ஆள் மட்டும் வரல. மறுநாள் மாக் ட்ரையல் (ஸ்டூடண்ட்ஸ் போட்டிக்காக நடத்துற மாதிரி கோர்ட்) டீமை பார்க்க வரலன்ன பிறகுதான் எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க. ஏரியில டைவர்ஸ் இறங்கி தேடியும் ஒண்ணும் கிடைக்கல, இன்னைக்கு வரைக்கும் யாரையும் கைது பண்ணல.

தியரி கிளம்பாம இருந்தாத்தான் ஆச்சரியம், நான் ஒத்துக்கறேன். தண்ணியில தவறி விழுந்திருப்பான்னு ஒரு பக்கம். அவன் கம்ப்யூட்டர்ல ஆன்லைன் டேட்டிங் சம்பந்தமான விஷயங்கள் கிடைச்சது, ஷெரிஃப் ஆபீஸே அதுல இருந்த சில ஆண்களோட போட்டோவை வெளியிட்டு அடையாளம் தெரிஞ்சா சொல்லுங்கன்னு கேட்டாங்க, அது இன்னொரு பக்கம். அவன் காணாம போனதுக்கு அப்புறம் அந்த கம்ப்யூட்டர்ல யாரோ தடயத்தை அழிக்கிற ப்ரோக்ராம் ஓட்டியிருக்காங்கன்னு ஒரு தகவல். அப்புறம் மடம். துறவிகள் செஞ்ச பாலியல் கொடுமைகள் பத்தின செட்டில்மென்ட் செய்தி வந்ததும் அதே 2002லதான். 2013ல மின்னசோட்டா சட்டம் பழைய கொடுமைகளுக்கும் மூணு வருஷம் வரைக்கும் கேஸ் போடலாம்னு வழிவிட்ட பிறகு பல துறவிகளோட ஃபைலும் வெளிய வந்துச்சு. அந்த கொடுமைகள் உண்மை, அதை நீங்க தைரியமா பேசலாம், கோர்ட் ரெக்கார்டுல இருக்கறதை இருக்கறபடியே சரியா சொன்னா கேஸ் போட்டாலும் நிக்காது. ஆனா "ஒரு துறவி சின்ன பசங்களை சீரழிச்சார்"ங்கறதுக்கும் "அந்த துறவிதான் ஜாஷை கொன்னார்"ங்கறதுக்கும் நடுவுல எந்த ஆதாரமும் இல்ல. அந்த இடைவெளியை உங்க எபிசோட் தாண்டுற நிமிஷம்தான் அவதூறு வழக்குக்கு உள்ள கால் வைக்கிறீங்க.

அலெஜ்ட்லிங்கற வார்த்தை காப்பாத்தாது. அடுத்தவங்க சொன்ன வதந்தியை திருப்பி சொன்னாலும் சொன்னவங்க பொறுப்புதான், முதல்ல சொன்னவர் வேற ஆள்ங்கறது பதில் ஆகாது. "இது என் அபிப்பிராயம்"னு முன்னாடி ஒட்டிக்கறதும் அப்படித்தான், 1990ல மில்கோவிச் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னாங்க. ஒஹாயோல ஒரு ஸ்கூல் கோச் கோர்ட்டுல பொய் சொன்னார்ங்கற மாதிரி ஒரு பத்திரிகைக்காரர் கட்டுரை எழுதியிருந்தார், அபிப்பிராயம்னு பேர் வெச்சாலும் உள்ளுக்குள்ள நிரூபிக்கக்கூடிய ஒரு விஷயம் இருந்தா அது அவதூறு ஆகலாம்னு தீர்ப்பு. கொலை பண்ணார்ங்கறதை விட நிரூபிக்கக்கூடிய விஷயம் வேற என்ன இருக்கு?

பேரை சொல்லாம விட்டா? துறவிகள் அங்க ஸ்டூடண்ட்ஸ் டார்ம்லயே தங்கியிருந்தாங்க, அதனால "அந்த வருஷம் அந்த டார்ம்ல, அந்த மாடியில இருந்த ஃபாதர்"னு சொல்லிட்டீங்கன்னா பேர் சொன்ன மாதிரிதான், தெரிஞ்சவங்களுக்கு ஆள் யாருன்னு தெரிஞ்சா போதும். இறந்துபோனவருக்காக அவதூறு கேஸ் போட முடியாது, அது உண்மை, ஆனா உயிரோட இருக்கறவங்களையும் சேர்த்து இழுத்தீங்கன்னா அந்த சமாதானம் போயிடும். ஜாஷோட ஃப்ரெண்ட் விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை. அவர் சாதாரண தனி மனுஷன். பிரபலங்கள் கேஸ் போட்டா, பொய்னு தெரிஞ்சே சொன்னாங்க இல்ல உண்மையா பொய்யான்னு கவலையே படலன்னு நிரூபிக்கணும். தனி மனுஷனுக்கு அது வேண்டாம், நீங்க சரிபார்க்க வேண்டியதை சரிபார்க்காம அலட்சியமா பேசினீங்கன்னு காட்டினா போதும், 1985ல இருந்து மின்னசோட்டால அதுதான் அளவுகோல். கேஸ் போட அவங்களுக்கு ரெண்டு வருஷம் டைம். 2024ல வந்த சட்டத்தால பொது விஷயம் பேசினதுக்காக வர்ற கேஸை சீக்கிரமே தள்ளுபடி பண்ண சொல்லி கேக்கலாம், ஆனா அதை நம்பி மைக் முன்னாடி உக்காராதீங்க. வீட்டு இன்சூரன்ஸ் பாத்துக்கும்னும் நினைக்காதீங்க, சாதாரண பாலிசில அவதூறு வராது, தனியா சேர்த்திருக்கணும். தமிழ்ல பேசினா தெரியாதுங்கறீங்க, இப்பல்லாம் ஒரு க்ளிக்ல ட்ரான்ஸ்லேட் ஆகுது.

கமென்ட்ல ஒருத்தர் எழுதினதுக்கு நீங்க பொறுப்பில்ல, ஆனா அதை எபிசோட்ல வாசிச்சு காட்டினா அது உங்க பேச்சு. நிறைய பேர் மாட்டறது இங்கதான்.

காலேஜ்வில் இருக்கற அதே ஸ்டெர்ன்ஸ் கவுண்டில நடந்த இன்னொண்ணை சொல்றேன், ஏன்னா எனக்கு இந்த சட்டமெல்லாம் விட இதுதான் மனசுல உறுத்துது. 1989ல செயின்ட் ஜோசஃப்ல ஜேக்கப் வெட்டர்லிங்ங்கற 11 வயசு பையனை கடத்தினாங்க. அந்த ஊர் காலேஜ்வில்லுக்கு பக்கம்தான். பக்கத்து பண்ணை வீட்டுல இருந்த ஒரு டீச்சர் மேல சந்தேகம் விழுந்துச்சு, 2010ல அதிகாரிகளே அவர் பேரை வெளிப்படையா சொன்னாங்க, அதோட ஊர் பார்வையே மாறிடுச்சு. 2016ல வேற ஒருத்தன் குற்றத்தை ஒத்துக்கிட்டு புதைச்ச இடத்தையும் காட்டினான். அந்த டீச்சருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவர் அதிகாரிகள் மேல போட்ட கேஸ் அப்பீல் வரைக்கும் போயும் நிக்கல. அத்தனை வருஷத்தை யார் திருப்பி கொடுக்கறது? உங்க ஸ்க்ரிப்ட்ல இருக்கற அந்த ஃப்ரெண்டும் அப்படி ஒருத்தரா இருந்தா?

அப்ப எபிசோடே வேண்டாமான்னா, கண்டிப்பா பண்ணுங்க. நேரம், இடம், ஷெரிஃப் வெளிப்படையா சொன்னது, தேடல்ல நடந்தது, விசாரணையில விட்ட ஓட்டைகள்னு நீங்க நினைக்கறது, எல்லாம் பேசலாம். போட்டோக்களை காட்டினா "அடையாளம் தேடறாங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, சஸ்பெக்ட்னு சொல்லாதீங்க. யாராச்சும் உங்களுக்கு புது தகவல் அனுப்பினா எபிசோட்ல போடாதீங்க, அப்படியே ஸ்டெர்ன்ஸ் கவுண்டி ஷெரிஃப் ஆபீஸுக்கு அனுப்புங்க, மெசேஜை அழிக்காம வைங்க. மின்னசோட்டால கொலைக்கு கால வரம்பு கிடையாது, நாளைக்கு ஒரு சாட்சி வந்தாலும் கேஸ் நடக்கும், நீங்க ஒளிபரப்பின கதையை வெச்சு அந்த சாட்சியை டிஃபென்ஸ் வக்கீல் குழப்பற நிலைமை வரக்கூடாது. இன்னொண்ணு, நீங்க ஹெச்4 விசாவுல (வேலை விசாவுல இருக்கறவரோட குடும்பத்துக்கான விசா) இருந்து வேலை பெர்மிட் இல்லன்னா, பாட்காஸ்ட்ல விளம்பர வருமானம் வாங்கறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தரை பாத்துடுங்க.

பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். ஜாஷ் காணாம போனப்ப 18 வயசு தாண்டினவன்னா போலீஸ் நிதானமா பாக்கலாம்ங்கற நிலைமை. மறு வருஷம் 2003ல சூசன் சட்டம் வந்துச்சு, 21 வயசுக்குள்ள யார் காணாம போனாலும் உடனே தேசிய டேட்டாபேஸ்ல ஏத்தணும். ஜாஷுக்கு 20. சில மாசம் முன்னாடி வந்திருந்தா அவனுக்கும் பொருந்தியிருக்கும். 2008ல இன்னொரு சட்டம், காலேஜ் ஹாஸ்டல்ல தங்கற ஒவ்வொரு ஸ்டூடண்ட்கிட்டயும் "காணாம போனா யாருக்கு சொல்லணும்"னு ஒரு பேர் கொடுக்க வாய்ப்பு தரணும். 24 மணி நேரமா காணோம்னு முடிவு பண்ணா, அடுத்த 24 மணி நேரத்துக்குள்ள காலேஜ் அவங்களுக்கு சொல்லியே ஆகணும், போலீஸுக்கும் சொல்லணும். இது எமர்ஜென்சி காண்டாக்ட் இல்ல, தனி கேள்வி, ஹவுசிங் போர்ட்டல்ல எங்கயோ கீழ இருக்கும், பசங்க காலியா விட்டுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. 18 முடிஞ்சுட்டா அவதான் நிரப்பணும், உங்க பேரை போடணும்னு கட்டாயமும் இல்ல, அதனால சண்டை போடாம கேளுங்க. மூவ்-இன் அன்னைக்கு பெட்ஷீட் விரிக்கறதுக்கு முன்னாடி அவ லேப்டாப்பை திறந்து அந்த பக்கத்தை ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பிடுங்க. எபிசோட் ஸ்க்ரிப்டை எனக்கு அனுப்புங்க, ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வரி வரியா படிச்சு தர்றேன்.