மூளை ஆபரேஷனைப் பயிற்சி டாக்டர் செய்வாரா என்று கேட்கலாமா?

மாமாவுக்கு மூளையின் இடப்பக்கம் கட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், படிக்கிற டாக்டர் கைவைப்பாரா என்று கேட்டால் கோபிப்பார்களா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள்.

அது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, பயிற்சி நடக்கத்தான் செய்யும். ஆனால் மூளை ஆபரேஷனுக்கான எம்.சி.எச். என்ற மேற்படிப்பு படிப்பவர் கத்துக்குட்டி இல்லை; பெரும்பாலும் எம்.எஸ். என்ற அறுவை சிகிச்சைப் பட்டமேற்படிப்பை முடித்துவிட்டு இந்த 3 ஆண்டுப் படிப்புக்கு வந்தவர். கட்டியை எடுக்கும்போது சீனியர் தியேட்டருக்குள் நிற்பாரா? கேட்க வேண்டியது இதைத்தான்.

அப்புறம் ஆபரேஷனுக்கான சம்மதக் கையெழுத்து. மாமா தெளிவாக இருக்கும்போதே மச்சானைக் கூப்பிட்டுப் போடச் சொல்வது நம் பக்கம் சகஜம். அது சரியில்லை. சுயநினைவுள்ள நோயாளியிடம்தான் சம்மதம் வாங்க வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆபரேஷனால் பேச்சு போகலாம், வலது கை விழலாம் என்பதை டாக்டர்கள் அவரிடமே சொல்லட்டும். பயந்துவிடுவார் என்று மறைப்பது எனக்கு ஒப்பவில்லை.

விபத்தில் மயக்கமாக வந்தவர் என்றால் கதை வேறு. உயிர் காக்கும் ஆபரேஷன் கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.