தெருமுனைப் புத்தகப் பெட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

ஏழு வருடமாக எங்கள் மதிலோரம் ஒரு புத்தகப் பெட்டி நிற்கிறது. யாரும் எடுக்கலாம், யாரும் வைக்கலாம். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பெட்டி செய்யக் கொடுக்கப் போகிறேன். தச்சரிடம் என்ன சொல்லட்டும்?

முதலில் மழையை நினையுங்கள். கூரை பின்பக்கம் சரியட்டும். முன்னால் கதவைத் தாண்டி நான்கு விரல் நீளட்டும். அந்த நீட்டலின் அடியில், விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பள்ளக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பலகையின் அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் நீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் அங்கேயே சொட்டிவிடும். என் முதல் பெட்டியில் அது இல்லை. ஒரே ஒரு மழை இரவு. காலையில் கீழ்த் தட்டுப் புத்தகங்கள் உப்பி ஒட்டிக்கொண்டு, செங்கல் மாதிரி ஒரே கட்டியாகக் கையோடு வந்தன.

பக்கவாட்டில் மேலும் கீழும் துளை போட்டு வலை அடியுங்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் பெட்டிக்குள் புத்தகங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கக் கூடாது. உள்ளே போன ஈரம் வெளியே வராது.

ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது. மிட்டாய் என்று வாயில் போட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. சந்தேகமான புத்தகத்தைப் பையில் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காதீர்கள். வியர்க்கும் நீர் பையின் மேல்தான் படியும், தாளில் படியாது.

இதை முதலில் ஆரம்பித்தது யார்?

இன்று பரவியிருக்கும் வடிவம் 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஹட்சன் என்ற ஊரில் பிறந்தது. ஆசிரியையாக இருந்த தன் அம்மாவின் நினைவாக டாட் போல் என்பவர் பள்ளிக்கூட வடிவில் ஒரு பெட்டி செய்து வீட்டு வாசலில் நட்டார். அமெரிக்கச் செல்வந்தர் கார்னகியின் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,509. அதைவிட ஒன்று கூடுதலாக, 2,510 பெட்டிகள் என்பதுதான் டாட் போலின் இலக்கு. இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

பத்துப் புத்தகத்தை மொத்தமாக அள்ளிப் போகிறார்கள். பூட்டுப் போடட்டுமா?

முதல் பக்கத்திலும் நடுவில் ஒரு பக்கத்திலும் ‘விற்பனைக்கு அல்ல’ என்று முத்திரை குத்துங்கள். பூட்டு வேண்டாம்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயர், முகவரி எழுதி வாங்கினால்தான் மக்களுக்குப் பொறுப்பு வரும்.

நானும் அப்படி நம்பி மூன்று மாதம் நோட்டு வைத்தேன் ஐயா. இரவு வேலை முடிந்து விடியற்காலையில் திரும்பும் ஒரு அம்மா, தினமும் நின்று ஒரு புத்தகத்தைப் புரட்டுவார். நோட்டைத் திறப்பார், ‘முகவரி’ என்ற கட்டத்தைப் பார்ப்பார், புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். நோட்டை எடுத்த வாரமே அந்தப் புத்தகம் போய்விட்டது. நூல்கள் பயன்படுத்தவே என்பது 1931-இல் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த முதல் விதி. எனக்கு அந்த அம்மாதான் அதைப் புரியவைத்தார்.

சரி, திரும்பி வராவிட்டால் பெட்டி காலியாகிவிடாதா?

ஆகும். அதற்குத்தான் வீட்டுக்குள் இருப்பு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வாரம் பத்து போதும். பின்னட்டையின் உள்ளே வைத்த தேதியைப் பென்சிலில் குறியுங்கள். ஒரு மாதம் அசையாத புத்தகத்தை எடுத்துவிட்டு வேறு வையுங்கள். தொலைந்துபோன புத்தகத்தை விட, யாரும் தொடாத புத்தகத்துக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தால்?

அதுவும் பூட்டுதான். பூட்டைப் பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

கேமரா வைத்தால்?

பூட்டு, நோட்டு, கேமரா மூன்றுக்கும் ஒரே பதில். இனி இந்தக் கேள்வி வேண்டாமே.

பழைய பாடப் புத்தகங்கள் ஒரு மூட்டை இருக்கிறது.

பாடத்திட்டம் மாறியிருந்தால் வேண்டாம். பெட்டியை அடைத்துக்கொள்ளும்.

முதுகு கிழிந்த புத்தகத்தை எப்படித் தைப்பது?

பைண்டிங் தெரிந்தவரிடம் கேளுங்கள். செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள்; பசை மஞ்சளாகித் தாளைக் கெடுக்கும்.

எங்கள் பெட்டிக்குக் குழந்தைகளே வருவதில்லை அக்கா.

பெட்டி முன் முட்டி போட்டு உட்கார்ந்து பாருங்கள். படப் புத்தகம் கண்ணில் படுகிறதா? கீழ்த் தட்டு உங்கள் முழங்கால் உயரத்துக்கு வரட்டும். முதுகு தெரிய அடுக்காமல், அட்டை தெரியச் சாய்த்து வையுங்கள். நான்கு புத்தகம் போதும். குழந்தைகளின் தட்டு என்பதால் மறுபடி சொல்கிறேன்: அந்துருண்டை வேண்டாம்.